கல்லுல மோதின பழைய மியாட்டா: முன்பக்க சஸ்பென்ஷன் வேலை முழுசா

வணக்கம் மக்களே. இன்னைக்கு ஸ்டாண்டுல ஏத்தி வெச்சிருக்கிறது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. மியாட்டான்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். 1989-லேர்ந்து 1997 வரைக்கும் வந்த மாடல். இடது முன்வீல் ஓரக்கல்லுல பக்கவாட்டா மோதியிருக்கு. லோயர் ஆர்ம், அதாவது வீலை அடிச்சட்டத்தோட சேர்க்கிற கீழ்க் கை, வளைஞ்சிருக்கிறது இங்க நின்னு பார்த்தாலே தெரியுது. ஆனா அதை மட்டும் வாங்கி மாட்டிட்டா வேலை முடிஞ்சிடும்னு நினைக்காதீங்க. அந்த அடி ஆர்மோட நிக்காது. நக்கிள் (வீல் மாட்டுற இரும்புத் துண்டு), சப்ஃப்ரேம் காது (அடிச்சட்டத்துல ஆர்மை போல்ட் போட்டுப் பிடிக்கிற தகடு), டை ராடு (ஸ்டீயரிங்லேர்ந்து வீலைத் திருப்புற கம்பி)ன்னு போய்க்கிட்டே இருக்கும். அதனால ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி அளவு டேப்பை எடுங்க.

ஸ்டீயரிங்கை நேரா வெச்சு, முன் ஹப் (வீலோட நடு அச்சு) நடுவுலேர்ந்து பின் ஹப் நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. இந்த வண்டிக்கு அந்த அளவு, அதாவது வீல்பேஸ், 2,265 மி.மீ. சில மி.மீ. வித்தியாசம் கேம் போல்ட் (திருப்பினா ஆர்மை நகர்த்தி வீல் கோணத்தை மாத்துற போல்ட்) செட்டிங்லயே வந்துடும். ரெண்டு பக்க கேமும் ஒரே கோட்டுல நின்னும் அளவு மாறுதுன்னா எதுவோ வளைஞ்சிருக்கு.

எது வளைஞ்சதுன்னு தெரியணும்னா கேம்பர் (முன்னாலேர்ந்து பார்த்தா வீல் சாயுற கோணம்) அளவு மட்டும் போதாது. கேம்பரையும் கிங்பின் சாய்வையும் (ஸ்டீயரிங்குக்கு வீல் திரும்புற அச்சோட சாய்வு) கூட்டிப் பாருங்க. அந்தக் கூட்டுத்தொகை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்து, கேம்பர் மட்டும் மாறுதுன்னா தப்பு ஆர்ம்லயோ சப்ஃப்ரேம்லயோ இருக்கு. கூட்டுத்தொகையே மாறினா நக்கிள் போச்சு. எத்தனை ஆர்ம் மாத்தினாலும் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். அலைன்மென்ட் மெஷின்ல இந்த ரெண்டு எண்ணையும் கேட்டு வாங்குங்க.

இப்ப இங்க டார்ச் அடிக்கிறேன், பாருங்க. சப்ஃப்ரேம் காது ஓரத்துல பெயின்ட் மெல்லிசா கோடு கோடா வெடிச்சிருக்கு. துரு கூட இன்னும் பிடிக்கலை. தகடு மடங்கினா பெயின்ட் இப்படித்தான் வெடிக்கும். இந்த இடத்தை வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சிட்டுப் பார்க்காதீங்க. தேய்ச்சா அந்த அடையாளமே போயிடும்.

சரி, கழட்டலாம். பிரேக் காலிப்பரை எடுத்ததும் கம்பி போட்டுக் கட்டுங்க, பிரேக் ஹோஸ்ல தொங்க விடாதீங்க. ஷாக்கை எடுக்கும்போது நடுவுல இருக்கிற பெரிய நட்டைத் தொடவே கூடாது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிச்சிருக்கிறதே அதுதான். பாடியோட சேர்ற நட்டை மட்டும் கழட்டுங்க.

பால் ஜாயின்ட்டுக்கு (ஆர்மையும் நக்கிளையும் சேர்க்கிற உருண்டை மூட்டு) ஃபோர்க் போட்டு அடிச்சா ரப்பர் கிழிஞ்சிடும். நட்டை மூணு த்ரெட்டுல நிக்க விட்டுட்டு, ஸ்டட் (ஜாயின்ட்டோட கூம்புத் தண்டு) உட்கார்ந்திருக்கிற நக்கிள் கண்ணோட பக்கவாட்டுல ஒரு கிலோ சுத்தியலால ரெண்டு மூணு அடி நறுக்குன்னு போடுங்க. டேப்பர், அதாவது அந்தக் கூம்புப் பிடி, தானா விட்டுக்கொடுக்கும். ஸ்டட் தலையில அடிச்சா த்ரெட் காலி. இன்னொண்ணு, இந்த மாடல்ல கம்பெனி அப்பர் பால் ஜாயின்ட் ஆர்மோட சேர்ந்தேதான் வரும். லோயரைத் தனியா மாத்தலாம்.

இந்த வேலையில நிஜமான தலைவலி கேம் போல்ட்தான். நட்டை எடுத்துட்டு போல்ட் தலையைத் திருப்புறேன். திரும்புது. ஸ்பேனரை விடுறேன்... பார்த்தீங்களா, தானா பழைய இடத்துக்கே திரும்பி வருது. போல்ட், புஷ்ஷோட (ஆர்ம் முனையில இருக்கிற ரப்பர் உறை) உள் குழாயோட துரு பிடிச்சு ஒட்டிக்கிச்சு, நாம ரப்பரைத்தான் முறுக்கிக்கிட்டு இருக்கோம்னு அர்த்தம். துரு இளக்குற எண்ணெய் அடிச்சு ஒரு ராத்திரி விட்டுப் பார்க்கலாம். ஆனா இந்த அளவுக்குப் பிடிச்சதுக்கு அது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம், ரப்பர் தீப்பிடிச்சுக்கும். ரெசிப்ரோ ரம்பத்துல (பிளேடு முன்னும் பின்னும் ஓடுற கரண்ட் ரம்பம்) இரும்பு அறுக்கிற பிளேடு போட்டு, புஷ்ஷுக்கும் காதுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் அறுத்துடுங்க. பிளேடு புஷ் பக்கமாவே ஒட்டிப் போகட்டும். புஷ் எப்படியும் குப்பைக்குத்தான், காது அப்படி இல்ல. புது போல்ட், கேம் பிளேட், நட்டு எல்லாம் முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க.

ஆர்ம் வெளிய வந்தாச்சு. வளைஞ்ச ஆர்மை சூடு பண்ணி பெண்டு எடுத்துத் தர்றேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. ஒரு தடவை மடங்கின இரும்பு அதே இடத்துல மறுபடி மடங்கும், இல்ல விரிசல் விடும். பழைய ஆர்ம் வாங்குறீங்கன்னா, இடதையும் வலதையும் முகத்துக்கு முகம் வெச்சு புஷ் ஓட்டைகள்ல போல்டைச் செருகுங்க. பால் ஜாயின்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வரணும். வரலைன்னா ரெண்டுல ஒண்ணு வளைஞ்சது.

மாட்டும்போது போல்ட் தண்டுலயும் புஷ் குழாய்க்குள்ளயும் ஆன்டி-சீஸ் (துரு பிடிச்சு ஒட்டாம இருக்கப் பூசுற பேஸ்ட்) நல்லா பூசுங்க. த்ரெட்டுல பூசாதீங்க. அங்க வழுக்கினா டார்க் ரென்ச் (இறுக்குற விசையை அளக்குற ஸ்பேனர்) காட்டுறதை விட அதிகமா இறுகிடும். டேப்பரைத் துடைச்சுக் காய்ஞ்ச நிலையில சேருங்க, அங்க கிரீஸ் கூடாது. ஸ்பிளிட் பின் (நட்டு கழலாம இருக்கக் குறுக்கே செருகுற கம்பி) ஓட்டை நேரா வரலைன்னா நட்டை அடுத்த பள்ளம் வரைக்கும் இறுக்குங்க, தளர்த்தாதீங்க. பின் புதுசுதான் போடணும்.

இப்ப சொல்றதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. வீல் காத்துல தொங்கிக்கிட்டு இருக்கும்போது புஷ் போல்டுகளை முழுசா இறுக்காதீங்க. ரப்பர் உள் குழாயோட ஒட்டின வகை. தொங்குற நிலையில இறுக்கினா, வண்டி தரையில இறங்கினதும் ரப்பர் எப்பவும் முறுக்கின நிலையிலயே நிக்கும். வண்டி உயரமும் தூக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். எல்லாத்தையும் கையால இறுக்கின அளவுலயே விட்டு, வீலை மாட்டி, டயருக்கு அடியில கட்டை கொடுத்து வண்டியை இறக்குங்க. முன்பக்கத்தை ரெண்டு மூணு தடவை அமுக்கி விடுங்க. அப்புறம் கீழே போய் சர்வீஸ் மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு இறுக்குங்க. வீல் நட்டுக்கு 90-லேர்ந்து 118 நியூட்டன் மீட்டர் வரைக்கும்.

கேம் ரெண்டையும் நடுக்கோட்டுல வெச்சு, மெதுவா ஓட்டிக்கிட்டு நேரா அலைன்மென்ட்டுக்குப் போங்க. முன் கேம், பின் கேம் ரெண்டும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தா கேம்பர் மாறும், எதிரெதிரா நகர்ந்தா காஸ்டர் (பக்கத்துலேர்ந்து பார்த்தா வீல் திரும்புற அச்சு சாயுற கோணம்) மாறும். டோ (மேலேர்ந்து பார்த்தா வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) கடைசியில. அளவு வரவே கேம் முழுக்க ஒரு ஓரத்துக்குப் போகணும்னா அங்கயே நிறுத்திடுங்க. சப்ஃப்ரேம் இன்னும் வளைஞ்சுதான் இருக்கு.