பெர்மிட்டில் கையெழுத்துப் போடும் முன்

(கடலூரில் பயிற்சிப் பொறியாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். "பணியிடத்தில் உணர்ச்சி நுண்ணறிவும் அறமும்" என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததுமே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்திருக்கும். அதனால் நேராக டேங்குக்கே போய்விடலாம்.

சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரியாக்டருக்குள், அதாவது ரசாயனங்கள் வினைபுரியும் மூடிய டேங்குக்குள், ஆள் இறங்க வேண்டுமானால் பெர்மிட் என்கிற கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். லைன்களுக்கு பிளைண்டு போட்டு (குழாய்களைத் தகடு வைத்து அடைத்து), காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜன் மீட்டரை மேலே, நடுவே, அடியில் என்று இறக்கிப் பார்க்க வேண்டும். வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருக்கும். 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. மேன்ஹோல் வாயில் ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும்.

நைட் ஷிஃப்ட், மணி நாலு. விடிவதற்குள் அடுத்த பேட்ச் சரக்கை டேங்கில் ஏற்ற வேண்டும். பெர்மிட் புத்தகம் உங்கள் மேசைக்கு வருகிறது. ஆக்சிஜன் கட்டத்தில் 20.9 என்று அழகாக எழுதியிருக்கிறது. மீட்டரோ உங்களுக்குப் பின்னால் சார்ஜரிலேயே இருக்கிறது.

என்ன செய்வீர்கள் என்று இங்கே கேட்டால் எல்லோரும் சரியான பதிலைச் சொல்வீர்கள். அங்கே நிலைமை வேறு. போனில் புரொடக்ஷன் மேனேஜர், "என்னப்பா, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்கிறார். எதிரே நிற்கிற ஃபோர்மேனுக்கு உங்கள் அப்பா வயசு. "அண்ணே, இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிடலாமே" என்றால் அவர் முகம் சுருங்கும். அந்தச் சங்கடம்தான் கையெழுத்தைப் போட வைக்கிறது. பணத்தாசையும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே இறங்கப் போகிறவர் குடிகாட்டிலிருந்தோ பச்சையாங்குப்பத்திலிருந்தோ வரும் காண்ட்ராக்ட் ஆள். அவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. ஃபோர்மேன் முகம் கண்ணெதிரே இருக்கிறது. நம் இரக்கம் எப்போதும் எதிரே நிற்கிறவர் பக்கமே சாயும். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதும் என்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான். நல்ல மனசு ஃபோர்மேன் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும். டேங்குக்குள் இருப்பவரை மறந்துவிடும்.

1990இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் உணர்ச்சி நுண்ணறிவுக்கு விளக்கம் எழுதினார்கள். தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் கவனித்து, பிரித்தறிந்து, அதை வைத்துத் தன் சிந்தனையையும் செயலையும் வழிநடத்துவது என்பது அதன் சாரம். கம்பெனி டிரெய்னிங்கில் அது "சிரித்த முகமா இரு, கோபப்படாதே" என்று சுருங்கிப்போனது. நியாயமான கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிக்கப் பழக்குவது எனக்குச் சம்மதமில்லை.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். டார்லி, பாட்சன் இருவரும் 1973இல் வெளியிட்டது. பிரின்ஸ்டனில் படித்த இறையியல் மாணவர்களைப் பேச்சுக் கொடுக்கப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு முனகிக்கொண்டிருப்பார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் உதவ நின்றார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இத்தனைக்கும் பாதிப் பேர் பேசப் போனது வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையைப் பற்றி!

இதற்கு நேரெதிர் ஆபத்தும் உண்டு. ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தார் என்றால் கூட இருப்பவர் பதறிக் குதிக்கிறார். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் 1986இல் எச்சரித்தது: அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள். நம் ஊர்க் கழிவுநீர்த் தொட்டிச் செய்திகளிலும் இதைத்தானே படிக்கிறோம்? பாசத்தில் தப்பில்லை. ஆனால் முதலில் அலாரம், பிறகு பிரீத்திங் செட் (மூச்சுக்காற்றுக் கருவி), அதன் பிறகுதான் கால் உள்ளே போக வேண்டும். அந்தப் பதற்றத்தில் இது ஞாபகம் வர, முன்பே பலமுறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

1984இல் போபால் நடந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் 41எச் பிரிவைச் சேர்த்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிலாளிக்கு நியாயமான அச்சம் இருந்தால், நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடமும் சொல்லும் உரிமை அதில் வந்தது. சட்டத்தில் இருப்பது வேறு, நைட் ஷிஃப்டில் வாய் திறப்பது வேறு என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் நாளைக்கு இன்சார்ஜ் நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பையன் வந்து, "சார், மீட்டர் வெச்சுப் பாக்கலை" என்பான். அப்போது உங்கள் முகம் போகும் போக்கைப் பார்த்துத்தான் அடுத்த தடவை அவன் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வான். "டெஸ்ட் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள். தாமதம் ஆகும் என்று புரொடக்ஷனுக்கு நீங்களே போன் போடுங்கள். அந்தத் திட்டை அவன் வாங்க விடாதீர்கள்.