உளுந்து வேருக்குள் நடக்கும் வரவு செலவு

நேயர்களுக்கு வணக்கம். காலபோக மழைக்கு விதைத்த உளுந்து பூக்கத் தொடங்கும் நேரம் இது. வவுனியா, செட்டிகுளம், நெடுங்கேணிப் பக்கம் மேட்டுக் காணி வைத்திருப்பவர்கள் ஈரமண்ணிலிருந்து ஒரு செடியை மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். வேரில் மிளகளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஏதோ நோய் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நோயில்லை. ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால், வேலை இன்னும் தொடங்கவில்லை அல்லது முடிந்துவிட்டது.

என்ன வேலை? வேர்முடிச்சு எனப்படும் அந்த உருண்டைக்குள் குடியிருக்கும் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கிறது. சும்மா கிடைக்கிற பசளை என்று சொல்வோம். பக்டீரியாவைக் கேட்டால் அப்படிச் சொல்லாது. ஒரு நைதரசன் மூலக்கூறை உடைக்க ஏறத்தாழ 16 ஏ.ரி.பி. செலவாகிறது. ஏ.ரி.பி. என்றால் உயிர்க்கலம் சக்தியைச் செலவழிக்கும் சில்லறைக் காசு. போதாததற்கு, இந்த வேலையைச் செய்யும் நொதியம் ஒட்சிசன் பட்டால் கெட்டுப்போகும், ஏ.ரி.பி.யை வேண்டிய அளவு உண்டாக்கவோ ஒட்சிசன் வேண்டும். அந்த இழுபறியைச் சமாளிப்பதுதான் நீங்கள் கண்ட இளஞ்சிவப்பு. நம் இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் அது. ஒட்சிசனை இறுகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகவே விடுகிறது.

இந்தச் செலவுக்குச் செடி தன் இலையில் செய்த உணவிலிருந்து ஒரு பங்கை அனுப்புகிறது. பங்கு வந்த பிறகு பக்டீரியாவுக்கு இரண்டு வழி: செடிக்காக நைதரசனில் செலவழிக்கலாம், அல்லது கொழுப்புப் போன்ற மணிகளாகத் தன் உடலுக்குள் சேர்த்து வைத்து, முடிச்சு அழுகியதும் மண்ணில் அதை வைத்துப் பிழைத்துப் பெருகலாம். இரணைமடுவில் சிறுபோகக் கூட்டம் போட்டு, குளத்தில் இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்வதைப் போன்ற நிலைமைதான். ஒரு பக்கம் கூட்டினால் இன்னொரு பக்கம் காயும்.

சேர்த்து வைப்பதுதானே கெட்டித்தனம்? அப்படிப் பார்த்தால் கூர்ப்பில் கள்ளர்களே வென்றிருக்க வேண்டும். 2003இல் வெளிவந்த ஒரு சோயா ஆய்வு இதற்கு அழகான பதில் தந்தது. முடிச்சுகளைச் சுற்றியிருந்த நைதரசனை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஆர்கன் வாயுவைச் செலுத்தினார்கள். பக்டீரியா விரும்பினாலும் வேலை செய்ய முடியாது. செடி என்ன செய்தது தெரியுமா? அந்த முடிச்சுகளுக்கு ஒட்சிசனைக் குறைத்தது. வேலை செய்த முடிச்சுகளோடு ஒப்பிட்டால் அவற்றில் பக்டீரியா பாதியளவுதான் பெருகியது. கூலியை நிறுத்துவதில் உளுந்தின் உறவுக்காரச் செடியான சோயா நம்மை விடக் கண்டிப்பு.

சரி, அந்தக் கண்டிப்பு தளர்ந்தால்? அமெரிக்காவின் மிச்சிகனில் சில பாத்திகளுக்கு 22 வருடம் நைதரசன் பசளை போட்டு வந்தார்கள். அங்கிருந்து எடுத்த பக்டீரியாவோடு குளோவர் என்ற பயறினத்தை வளர்த்தபோது செடிகள் சிறுத்தன. பசளை போடாத பாத்தியின் பக்டீரியா செடியை நன்றாக வளர்த்தது. பசளை கையில் இருக்கும் செடிக்குக் கூட்டாளியின் தயவு தேவையில்லை, கூட்டாளியும் உழைப்பைக் கைவிடுகிறது. குளோவர் வேறு, உளுந்து வேறுதான். ஆனாலும் உளுந்துக்கு யூரியாவை அள்ளிப்போட்டால் இலை தழைத்து முடிச்சு குறையும் என்பது கமக்காரருக்குப் புதுச் செய்தியல்ல.

தேவையில்லாததைக் கைவிடுவது நுண்ணுயிர்களின் பழைய பழக்கம். 1988இல் ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற அமெரிக்க விஞ்ஞானி 12 குடுவைகளில் குளுக்கோசை மட்டும் உணவாகக் கொடுத்து ஈ.கோலை பக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். 2000 தலைமுறைக்குள் பன்னிரண்டுமே ரைபோசு என்ற வேறொரு சர்க்கரையைப் பயன்படுத்தும் திறனை இழந்துவிட்டன. அந்த மரபணுப் பகுதி எளிதில் உடையக்கூடியது என்பது ஒரு காரணம். உடைந்தவற்றுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை அனுகூலம் கிடைத்தது இன்னொரு காரணம். தலைமுறை தலைமுறையாகச் சேரும்போது அந்தச் சிறு வித்தியாசமே போதும்.

2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது, மண்ணிலுள்ள நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும் என்று பேசியவர்கள் இருந்தார்கள். உளுந்துக்கும் பயறுக்கும் ஓரளவு சரி. நெல்லுக்கு வேரில் இந்த முடிச்சே கிடையாது. ஒரே போகத்தில் யூரியாவின் இடத்தை நிரப்பச் சொல்வது எந்தப் பக்டீரியாவுக்கும் அநியாயம்.

விதையில் கலக்கும் பக்டீரியாக் கலவையைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆய்வுகூடத்தில் நைதரசனைப் பிடிப்பதில் கெட்டிக்கார இனம், உங்கள் காணியின் வெயிலையும் வறட்சியையும் தாங்குவதில் கெட்டிக்கார இனமாக இருக்க வேண்டியதில்லை. வருஷா வருஷம் உளுந்து போடும் மண்ணில் ஏற்கெனவே குடியிருப்பவை புதிதாக வந்ததை ஓரம் கட்டி வேரைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வெட்டித் துப்புரவாக்கிய, முன்பு பயறினமே கண்டிராத காணியில்தான் கலவை நன்றாகப் பேசும். விதையை நிழலில் வைத்துக் கலந்து அன்றைக்கே விதைத்துவிடுங்கள். பூஞ்சணக் கொல்லி பூசிய விதையோடு சேர்க்க வேண்டாம். வணக்கம்.