பெர்செர்க் பத்தி இத்தனை எதிரும் புதிருமான கருத்து ஏன்?

[திரையில்: கறுப்பு அங்கி, ஆளுயர வாள், பின்னால் பாழடைந்த கோட்டை]

கென்டாரோ மியூரா 1989-ல தொடங்கின மங்கா (ஜப்பானியப் படக்கதை), பெர்செர்க். இதுக்கு ஈடா எதுவுமே இல்லன்னு ஒரு வாசகர் சொல்வார். இன்னொருத்தர் ரெண்டு தொகுதியோட மூடி வெச்சிருப்பார். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். எந்தத் தொகுதி வரைக்கும் படிச்சுட்டுப் பேசறாங்கன்னு கேட்டா, வாக்குவாதம் பாதி அடங்கிடும். கதையோட பெரிய திருப்பத்தையும் இதுல சொல்லப் போறோம். தெரிஞ்சுக்க வேண்டாம்னு நினைக்கறவங்க இங்கேயே நிறுத்திக்கலாம்.

[திரையில்: 1 முதல் 3 வரையிலான தொகுதிகளின் அட்டைகள்]

முதல் மூணு தொகுதியப் பத்தி வர்ற குறை: நாயகன் கட்ஸ் முரடன், ரத்தம் அதிகம், கோடுகள் இன்னும் பக்குவப்படல. நியாயமான குறைதான். அதனால சிலர் "நேரா 'பொற்காலம்'ங்கற பகுதிக்குப் போயிடுங்க"ன்னு யோசனை சொல்றாங்க. அத மட்டும் கேக்காதீங்க. மூணாவது தொகுதியோட கடைசியில ஆரம்பிச்சு 14 வரைக்கும் ஓடற அந்தப் பொற்காலப் பகுதி முழுக்க, முன்னாடி நடந்த கதை. கட்ஸோட படைத்தலைவனா இருந்த கிரிஃபித் என்னவா மாறப் போறான்னு மூணாவது தொகுதியிலயே மியூரா காட்டிடறார். அது தெரிஞ்ச பிறகு கட்ஸும் அவனும் நண்பர்களா சிரிக்கற ஒவ்வொரு பக்கமும் வயித்தப் பிசையும். முன்னாடி உள்ளத விட்டுட்டுப் போனா, நல்லா எழுதின போர்க்கதை மட்டும்தான் கையில மிஞ்சும்.

இதே கதைய வெச்சு வந்த 1997 அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) பாத்துட்டு வர்றவங்களுக்கு வேற சிக்கல். அதோட 25 பகுதியும் கிரகணத்தோட, அதாவது கிரிஃபித் தன் படையவே பேய்களுக்குப் பலி கொடுக்கற இடத்தோட, முடிஞ்சிடுது. குட்டித் தேவதை பக் அதுல கிடையாது, கட்ஸ அங்கேர்ந்து காப்பாத்தற மண்டையோட்டு வீரனும் கிடையாது. அதனால கட்ஸ் எப்படித் தப்பிச்சான்ங்கறதே தொங்கலா நிக்கும். 14-ல இருந்து படிச்சா போதும்னு நினைக்காம, ஒண்ணாம் தொகுதியில இருந்தே வாங்க. 2016 அனிமேயும் கைகொடுக்காது. 14-ல தொடங்கற 'தொலைந்த குழந்தைகள்' பகுதியவே அது தாண்டிப் போயிடுது. பயமும் இரக்கமும் இவ்வளவு நெருங்கி நிக்கற இடம் இந்த மங்காவுலயே குறைவு.

[திரையில்: கறுத்த சூரியன்]

இப்ப கனமான விஷயம். பாலியல் வன்முறை. கட்ஸுக்குச் சின்ன வயசுல நடந்தது, அவன் ஏன் யாரும் தொட்டாலே விலகறான்ங்கறத விளக்குது. அதுக்குக் கதையில வேலை இருக்கு. ஆனா பல இடங்கள்ல பெண்கள் மேல நடக்கற தாக்குதல், உலகம் கொடூரமானதுன்னு காட்டற பின்னணியா மட்டும் வந்து போகுது. கட்ஸோட காதலி காஸ்காவப் பத்தின குறை இன்னும் ஆழமானது. ஒரு படையவே நடத்தினவ, 13-ஆம் தொகுதிக்கு அப்புறம் நினைவும் பேச்சும் இழந்து 25 தொகுதிக்கு மேல அப்படியே கிடக்கறா. 39, 40-ல கட்ஸோட பயணத் தோழிகள் ஃபார்னீஸும் ஷீர்கேவும் அவளோட கனவுக்குள்ள நுழையற பகுதிய ஆதரவாளர்கள் பதிலா காட்டுவாங்க. அருமையான பகுதிதான். ஆனா அவ்வளவு நீண்ட காத்திருப்ப அது நியாயப்படுத்தல. இந்தக் காட்சிகள் தாங்காதுன்னா 12, 13-ஆம் தொகுதிகளுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க. வெளிப்படையா, பல பக்கத்துக்கு வரும்.

கோதிக் திகிலுக்காக வர்றவங்களுக்கு 17-ல இருந்து 21 வரைக்கும்தான் விருந்து. மதவிசாரணை நடத்தற மோஸ்கஸ், சித்திரவதைக் கூடம், பசியில வாடற அகதிகள், கோபுரத்த வளைச்சுக்கற பேய்க்கூட்டம். பேயவிட பக்திமான்தான் இங்க அதிகமா பயமுறுத்தறான்.

பிற்பாடு வர்ற கப்பல் பயணப் பகுதி இழுவைங்கற புகார் பெரும்பாலும் இதழ்ல தொடரா படிச்சவங்களோடது. நடுநடுவுல நீண்ட இடைவெளி விட்டு வந்ததால அவங்களுக்கு அது வருஷக்கணக்கா நீண்டுச்சு. தொகுதியா படிச்சா சில நாள்ல தாண்டிடலாம்.

விவாதத்துல அடிக்கடி நடக்கற ஒரு தப்பு: இந்தக் கதையோட உலகத்துல கடவுள் யாருன்னு வாதாடறவங்க 83-ஆம் அத்தியாயத்த ஆதாரமா காட்டுவாங்க. இதழ்ல வந்த அந்த அத்தியாயத்த மியூராவே தொகுதியில சேர்க்க வேண்டாம்னு விட்டுட்டார். அத வெச்சு முடிவு கட்ட முடியாது.

[திரையில்: 41, 42-ஆம் தொகுதிகள் அருகருகே]

2021 மே 6 அன்னிக்கு, 54 வயசுல, பெருந்தமனி கிழிஞ்சு மியூரா காலமானார். அவரோட கடைசி அத்தியாயமான 364 அதே வருஷம் செப்டம்பர்ல வந்துச்சு, 41-ஆம் தொகுதி டிசம்பர்ல. 2022 ஜூன்ல இருந்து அவரோட உதவி ஓவியர்கள், ஸ்டுடியோ காகா, தொடர்ந்து வரையறாங்க. மேற்பார்வை, மியூராவோட பள்ளிக்கால நண்பர் கோஜி மோரி. மியூரா தன்கிட்ட சொன்ன கதைய மட்டும்தான் எழுதுவேன், சொந்தமா எதுவும் சேர்க்கமாட்டேன்னு மோரி தொடங்கும்போதே அறிவிச்சுட்டார்.

42-ஆம் தொகுதியில சம்பவங்கள் வேகமா ஓடுது, ஒரு முகத்துல நின்னு நிதானிக்கற பக்கங்கள் குறைவுன்னு சொல்றவங்க சரியாத்தான் கவனிச்சிருக்காங்க. ஆனா அதுக்குக் காரணம் அந்த வாக்குறுதி. நண்பர் வாயால கேட்டதுக்கு மேல ஒரு உரையாடலக்கூட நீட்ட அவர் துணியல. மியூரா கையால முடிஞ்சது மட்டும் போதும்னா 41-ல நிறுத்துங்க. கட்ஸுக்கு அடுத்து என்ன ஆச்சுன்னு தெரிஞ்சே ஆகணும்னா 42-க்குப் போங்க. அதுக்கு முன்னாடி 41-ஐ இன்னொரு தடவை படிச்சுடுங்க, ஏன்னா கதை விட்ட நொடியில இருந்தே தொடருது.