ஜூலையில் பதவியேற்பு, ஜூனில் முடிவு: அரிமா, ரோட்டரி சங்கங்களால் என்ன பயன்?

எல்லோருக்கும் வணக்கம். இந்த நோட்டீஸைக் கொஞ்சம் பாருங்கள். ஃபோகஸ் ஆகட்டும்... சரி, இப்போது தெரிகிறதா? இலவசக் கண் சிகிச்சை முகாம். மேலே ஓர் அரிமா சங்கத்தின், அதாவது லயன்ஸ் கிளப்பின் பெயர். அதற்குக் கீழே மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம், அதற்கும் கீழே கண் மருத்துவமனை. நடுவில் கோட்டு போட்ட பெரியவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் பெயருக்கு முன்னால் 'அரிமா', 'எம்.ஜே.எஃப்.' என்று இருக்கிறது பாருங்கள். எம்.ஜே.எஃப். என்பது படிப்பு இல்லை. மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ. அரிமாக்களின் சர்வதேச அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்தால் கிடைக்கும் கௌரவம். ரோட்டரிக்காரர்கள் போடும் பி.எச்.எஃப்., அதாவது பால் ஹாரிஸ் ஃபெலோ, அதுவும் ஆயிரம் டாலர் கணக்குதான்.

சிரிப்பு வரும். வரட்டும். ஆனால் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கிறேன், கேளுங்கள். "அறுவை சிகிச்சைக்குத் தேர்வு செய்யப்படுபவர்கள் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள். போக்குவரத்து, உணவு, தங்கும் வசதி இலவசம். ஐ.ஓ.எல். லென்ஸ் இலவசமாகப் பொருத்தப்படும். தலைக்குக் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வரவும். மாற்றுத் துணியும் ஆதார் நகலும் கொண்டுவரவும்." ஐ.ஓ.எல். என்பது புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ். நான் இன்று பேசப்போவது கோட்டு போட்டவர்களைப் பற்றி இல்லை, இந்தப் பொடி எழுத்தைப் பற்றி.

முதலில் கொஞ்சம் பழைய கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியதுதான் ரோட்டரி. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுற்றிச் சுற்றிக் கூடினார்கள், அதனால் அந்தப் பெயர். அரிமா சங்கமும் அதே சிகாகோதான். 1917, மெல்வின் ஜோன்ஸ், இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர். இரண்டுமே வியாபாரிகள் கூடிப் பழகிய இடத்திலிருந்து வளர்ந்தவை. "தொழில் தொடர்புக்காகத்தான் இதில் சேர்கிறார்கள்" என்று இன்று நாம் குறை சொல்கிறோமே, தொடக்கமே அதுதான். கண் பக்கம் அரிமாக்களைத் திருப்பியவர் ஹெலன் கெல்லர். 1925இல் ஒஹாயோவில் நடந்த அவர்களுடைய மாநாட்டுக்குப் போய், பார்வையில்லாதவர்களுக்காக உழைக்க வாருங்கள் என்று கேட்டார். கேட்டதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் நாட்டுக்கு ரோட்டரி முதலில் வந்தது கல்கத்தாவுக்கு, 1920 வாக்கில். சென்னை ரோட்டரி 1929. அரிமா சங்கம் வந்தது 1956இல்.

சரி, இப்போது பொடி எழுத்து.

கண்புரை அறுவை இலவசம் என்று அறிவித்துவிட்டால் கூட்டம் அலைமோதும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. தமிழ்நாட்டுக் கிராமங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. கண்ணில் கோளாறு இருந்தவர்களில் முகாமுக்குப் போனவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இத்தனைக்கும் இலவச முகாம். பயம் ஒரு காரணம். வீட்டில் பேரப்பிள்ளைகளையும் மாட்டையும் யார் பார்ப்பது என்பது இன்னொன்று. அப்புறம் செலவு. அறுவைக்குக் காசு வேண்டாம், சரி. பஸ்ஸுக்கு? சாப்பாட்டுக்கு? கூடத் துணைக்கு வரும் மகனுக்குக் கூலி போகுமே, அதற்கு? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் இதை ரொம்ப முன்பே புரிந்துகொண்டார்கள். 1976இல் டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. பஸ், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால்தான் 'இலவசம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் என்று அவர்கள் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். மருத்துவம் மருத்துவமனையின் பொறுப்பு. ஆளைக் கூட்டிவருவது உள்ளூர்க்காரர்களின் பொறுப்பு. அந்த உள்ளூர்க்காரர் அரிமா சங்கமாக இருக்கலாம், ரோட்டரியாக இருக்கலாம், ஒரு கோயில் கமிட்டியாகவும் இருக்கலாம்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கசப்பான சம்பவம் சொல்கிறேன். 1986 ஏப்ரல், உத்தரப்பிரதேசத்தில் குர்ஜா என்ற ஊர். அங்குள்ள அரிமா சங்கம் ஒரு கண் முகாம் நடத்தியது. அப்போதெல்லாம் முகாம் நடக்கும் இடத்திலேயே அறுவை செய்துவிடுவார்கள். 108 பேருக்கு அறுவை நடந்தது. அதில் 88 பேருக்குக் கண்புரை அறுவை. அந்த 88 பேரில் 84 பேருக்கு அறுவை செய்த கண் மீட்கவே முடியாதபடி பாழானது. அறுவையின்போது பயன்படுத்திய உப்புநீர்க் கரைசலில் கிருமி இருந்திருக்கலாம் என்று சந்தேகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1989இல் தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே கொடுத்த ஐயாயிரம் போக ஆளுக்கு இன்னும் 12,500 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணுக்கு! அந்தச் சங்கத்துக்காரர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. நல்ல மனசு மட்டும் போதும் என்று நினைக்கிற எல்லாச் சங்கமும் இந்தத் தீர்ப்பை ஒருதடவை படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்று முகாமில் சோதனை மட்டும்தான் நடக்கும், அறுவை மருத்துவமனையில்தான். அந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை.

இப்போதைய முகாம் எப்படி இருக்கும்? நான் போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன். அரசுப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரண்டு நாள் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லியிருந்தார்கள். வகுப்பறை பெஞ்சுகளை வெளியே இழுத்துப்போட்டு வரிசை. பதிவு ஒரு மேசை, எழுத்துப் பலகையில் பார்வைச் சோதனை ஒரு மேசை, அப்புறம் டார்ச் அடித்துப் பார்க்கும் டாக்டர். மருத்துவமனைப் பெண்கள் சட்டுச் சட்டென்று ஆளை நகர்த்துகிறார்கள். புரை இருக்கிறவர்களுக்கு எந்தக் கண் என்று புருவத்துக்கு மேலே ஒரு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரோடு ஒரு பாட்டி பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறார். ஆட்டைப் பட்டியில் விட்டுவிட்டு வந்தாராம், யாரிடமும் சொல்லவில்லையாம். டாக்டர் என்ன செய்வார்? அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். சங்கத்தின் செயலாளர், ஊரில் உரக்கடை வைத்திருப்பவர், வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எந்த ஊரும்மா? யார் வீடு?"

"மேலத்தெரு. பால் சொசைட்டிக்கு அடுத்த வீடு."

"அட, உங்க பேரன் என் கடைக்குத்தானே வருவான்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். பேரனிடம் பேசினார், பாட்டியிடம் போனைக் கொடுத்தார். ஆட்டுக்கு ஏற்பாடு ஆயிற்று. பாட்டி பஸ் ஏறினார்.

மக்களே, என் பார்வையில் சேவைச் சங்கம் என்பது இதுதான். நம்மைப் போன்ற நாட்டில் அரசிடம் திட்டம் இருக்கிறது. 1976இலேயே தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்துவிட்டது, அறுவைக்கு மானியமும் உண்டு. டாக்டரும் இருக்கிறார். இல்லாதது, அந்தப் பாட்டியின் பேரனுடைய போன் நம்பர். ஆடிட்டர், அரிசி மில்காரர், நகைக்கடைக்காரர், உரக்கடைக்காரர் என்று ஊரின் பாதிப் பேரைத் தெரிந்தவர்கள் ஒரு சங்கத்தில் இருக்கும்போது, ஒரு போனில் பள்ளிக்கூடம் கிடைக்கும், இன்னொரு போனில் பஸ் கிடைக்கும், மூன்றாவது போனில் இருநூறு பேருக்குச் சாம்பார் சாதம் வந்துவிடும். அவர்கள் கொடுக்கும் பணத்தைவிட இந்தச் செல்வாக்குதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வியாபாரத்துக்காகச் சேர்ந்தார்களா, போட்டோவுக்காகச் சேர்ந்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. கோட்டு போட்டுக்கொள்ளட்டுமே!

ஆனால் எனக்கு இவர்கள்மேல் ஒரு பெரிய மனத்தாங்கல் உண்டு. அது அவர்களுடைய காலண்டர்.

இந்தச் சங்கங்களில் எல்லாமே ஜூலை முதல் ஜூன் வரை. ஜூலையில் பதவியேற்பு விழா. புதுத் தலைவர், புதுச் செயலாளர், புதுப் பொருளாளர், பல சங்கங்களுக்கு மேலே இருக்கும் 'மாவட்ட ஆளுநர்' என்ற பொறுப்பாளரும் புதுசு. அடுத்த ஜூனில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். ஒருவரே நாற்காலியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த முறை, நல்ல முறைதான். அதிலிருந்து வரும் கோளாறு என்ன தெரியுமா? ஒவ்வொரு தலைவருக்கும் 'என் ஆண்டில்' என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும். போன வருடத் தலைவர் தொடங்கியதைத் தொடர்ந்து செய்தால் பெயர் அவருக்குப் போய்விடுமே! அதனால் தையல் இயந்திரம், மூன்று சக்கர சைக்கிள், நோட்டுப் புத்தகம் என்று ஒரே நாளில் கொடுத்து முடிக்கிற காரியங்களாகவே வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கிறது. ஊர், சங்கம் பெயர் சொல்லப்போவதில்லை. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள், பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் உண்டு. இன்று போனால் சுவரில் கிரானைட் கல்வெட்டு பளபளவென்று இருக்கிறது. அதில் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆளுநர் பெயர்கள் தங்க எழுத்தில். கீழே குழாயில் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். வடிகட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டும், உள்ளே இருக்கிற சவ்வையும் மாற்ற வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். தலைமையாசிரியர் சங்கத்துக்குப் போன் செய்தால், "அது முன்னாள் தலைவர் பீரியட் சார், அவரையே கேளுங்க" என்கிறார்களாம். முன்னாள் தலைவரோ, "நான் இப்போ பொறுப்பில் இல்லையே" என்கிறாராம். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

கண் முகாம் ஓடுவதற்குக் காரணம், அது இந்தக் காலண்டருக்குள் அடங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சங்கத்தின் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடும். நீண்டகால வேலையை மருத்துவமனை பார்த்துக்கொள்கிறது. அப்படியும் ஓர் இடத்தில் ஓட்டை விழும். அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனை. அதற்கு மைக் இல்லை, பேனர் இல்லை, போட்டோவும் இல்லை. கண்ணாடி பவர் பார்த்துக் கொடுப்பதே அப்போதுதான். ஒரு சங்கம் உருப்படியான சங்கமா என்று தெரிய வேண்டுமானால் முகாமுக்குப் போகாதீர்கள், மறுபரிசோதனை நாளில் போய்ப் பாருங்கள்.

"அப்படியானால் நம் நாட்டில் ரோட்டரி கைகொடுத்துப் போலியோ எப்படி ஒழிந்தது? அது இருபது முப்பது வருட வேலையாயிற்றே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1979இல் பிலிப்பைன்ஸில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தில்தான் ரோட்டரி இதைத் தொட்டது. 1985இல் போலியோபிளஸ் என்று உலகம் முழுக்க எடுத்துக்கொண்டது. 1988இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. எல்லாம் சேர்ந்து பெரிய கூட்டுத் திட்டமாக ஆயிற்று. இந்தியாவில் 1995இல் நாடு தழுவிய பல்ஸ் போலியோ. 2009இல்கூட நம் நாட்டில் 741 பேருக்கு வந்தது, உலகக் கணக்கில் கிட்டத்தட்ட பாதி. அடுத்த வருடம் 42. கடைசியாக 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தில் ஹௌரா மாவட்டத்தில் ஒரு குழந்தை. அதோடு நின்றது. 2014 மார்ச் 27இல் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழ் வந்தது.

இதில் பெரும்பாடு பட்டவர்கள் அரசுச் சுகாதாரப் பணியாளர்களும் அங்கன்வாடி அக்காக்களும்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரோட்டரியின் பங்கு பணம், மேலிடத்தில் விடாமல் நச்சரிப்பது, அப்புறம் பூத்தில் உட்கார ஆள். உத்தரப்பிரதேசத்தில் 'சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளை பிறக்காது' என்று வதந்தி பரவியபோது, ரோட்டரி உலமாக்களை, அதாவது முஸ்லிம் மார்க்க அறிஞர்களைக் கொண்டே ஒரு குழு அமைத்தது. அவர்கள் பேசிய பிறகு கதவுகள் திறந்தன. உரக்கடைக்காரர் செய்த அதே வேலைதான், அளவுதான் பெரிது. இங்கே கவனியுங்கள், தலைவர்கள் வருடா வருடம் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் போலியோவை மாற்றும் உரிமை எந்தத் தலைவருக்கும் இல்லை. அது மேலே முடிவான விஷயம், தலைவர் வந்துவிட்டுப் போகலாம், வேலை நிற்காது.

நம் ஊரிலேயே இதற்கு இன்னோர் உதாரணம் இருக்கிறது. எரிவாயு தகனமேடை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் அதை நடத்துவது ரோட்டரிக்காரர்கள்தான். அது நின்றால் ஊரே நாறிவிடும், சிரிக்காதீர்கள், உண்மை. நன்றாக நடக்கிற இடங்களில் விசாரித்துப் பார்த்தால், சங்கத்துக்கு வெளியே தனி அறக்கட்டளை வைத்து, வருடாவருடம் மாறாத நிர்வாகிகளைப் போட்டிருப்பார்கள். கட்டணம் வாங்கி, அதிலிருந்து சம்பளமும் பராமரிப்பும் பார்ப்பார்கள். தண்ணீர் இயந்திரத்துக்கும் இதைச் செய்திருக்கலாம். பெரிய மூளை எதுவும் தேவையில்லை.

அதனால் உங்கள் பள்ளிக்கோ தெருவுக்கோ ஒரு சங்கம் ஏதாவது கொடுக்க வந்தால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒன்று மட்டும் கேளுங்கள்: "அடுத்த ஜூலைக்கு அப்புறம் இதற்கு யார் பொறுப்பு?" பெயரும் நம்பரும் எழுதி வாங்குங்கள். கல்வெட்டில் இத்தனை பெயர் போடுகிறார்களே, பராமரிப்புக்காரர் பெயரையும் அதில் செதுக்கச் சொல்லுங்கள்.

ஒரு தகனமேடை அறக்கட்டளையின் பொருளாளர் வரவு செலவுப் புத்தகத்தையே கேமராவில் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வீடியோவில் அங்கே போகலாம். ஒரு தகனத்துக்கு எவ்வளவு கேஸ் ஆகிறது, பில் கட்ட முடியாதவர்கள் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று அவரிடம் கேட்கப்போகிறேன். உங்களுக்கும் ஏதாவது கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.