கோயில் ஏடும் கால்சட்டைக் கோயிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஊர்க் கத்தோலிக்கப் பங்குக்கோயிலின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். நேரே வாசலுக்குக் கூட்டிப்போய், சுவரில் பதித்திருக்கும் சலவைக்கல்லைக் காட்டுவார்கள். அடிக்கல் எப்போது, அர்ச்சித்த ஆயர் யார், அப்புறம் வந்த பங்குச்சாமியார்கள் யார் யார், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை. எல்லாம் சரிதான். ஆனால் அது சாமியார்கள் மாறிப்போன கணக்கு. சனங்கள் எங்கே?

சனங்கள் இரண்டு இடத்தில் இருக்கிறார்கள். ஒன்று கோயில் ஏடு. இன்னொன்று, கோயிலுக்குள் அவரவர் உட்கார்ந்த இடம். இந்த இரண்டைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கடைசியில் ஒரு புனிதரையும் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன், நேரம் இருந்தால்.

பழைய ஏடுகளைப் புரட்டுவது எனக்கு நெடுநாள் பைத்தியம். அலமாரியைத் திறந்ததும் வரும் அந்த மக்கிய வாடையே எனக்குப் பிடிக்கும். வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள், அதை விடுங்கள். பங்குதோறும் திருமணப் பதிவேடு இருக்க வேண்டும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. ஞானஸ்நானத்துக்கும் இறப்புக்கும் இப்படியே ஏடுகள் உண்டு. பழைய ஞானஸ்நான ஏடு ஒன்றைத் திறந்தால், வரிகள் லத்தீனில் ஓடும். நம் சூசை அதில் யோசேபுஸ், அந்தோணி அந்தோனியுஸ். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கீழே சாமியாரின் கையெழுத்து. நடுவில் ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை, சரியாகத் தகப்பன் பெயரில்!

எனக்குப் பிடித்தது அந்தப் பக்கத்தின் ஓரம். ஞானஸ்நானம் பெற்றவருக்கு வேறெந்தப் பங்கில் கல்யாணம் நடந்தாலும், அங்கிருந்து ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்குத் தகவல் வர வேண்டும், அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் எழுத வேண்டும். திருச்சபைச் சட்டம் அப்படி. பிழைப்புக்காகப் பம்பாய்க்கோ கொழும்புக்கோ போனவருக்கு அங்கே கல்யாணம் நடந்தால், அந்தச் செய்தி இப்படி ஊர் ஏட்டின் ஓரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பதும், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிப்பதும், இந்தக் கண்காணிப்பின் ஒரு பகுதிதான். மூன்றாம் ஓலை முடிவதற்குள் தடை தெரிந்தவர் யாரும் சொல்லலாம்.

ஆனால் யார் கோயிலுக்குள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஏடு சொல்லாது. அதைக் கட்டடத்திடம்தான் கேட்க வேண்டும்.

இதற்கு வடக்கன்குளத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது ஊர். பழைய மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசுசபைக் குருக்கள் வளர்த்த சபை. அந்த ஊரில் 1872-இல் எழுந்த கோயிலைப் படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை, தேவையும் இல்லை. கால்சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர். இடுப்பு இருக்கும் இடத்தில் பீடம். அங்கிருந்து இரண்டு கால்கள் மாதிரி இரண்டு கூடங்கள் விலகிப் போகும். ஒரு காலில் பிள்ளைமாரும் முதலியார்களும். மற்ற காலில் நாடார்களும் பிறரும். வாசலும் தனித்தனி. சாமியார் பீடத்தைப் பார்த்து நின்று லத்தீனில் பூசை வைத்த காலம் அது. ஒரே பூசை, ஒரே நற்கருணை. இந்தப் பக்கத்தார் கண்ணில் அந்தப் பக்கத்தார் படக் கூடாது, அவ்வளவுதான் ஏற்பாடு.

நம் கோயில்களில் நடுவில் நடைவிட்டு, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்வது உங்களுக்குத் தெரியும். அது வேறு. இது சாதிக்கு ஒரு கூடம். ஊரில் சச்சரவு ஓயவில்லை, ஆகவே கட்டடத்தையே இரண்டாகப் பிளந்து சமாதானம் தேடினார்கள். கட்டிய குருக்களைத் திட்டுவது எளிது. அவர்கள் கொடுமைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை, பயந்தவர்கள் என்று நினைக்கிறேன். ஒரு தரப்பு கோயிலை விட்டே போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைச் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டி வைத்துவிட்டார்கள்.

பிறகு அங்கே வந்தார் கௌசானல் அடிகளார், பிரெஞ்சுக்காரர். 1910-இல் இரண்டு கூடங்களையும் பிரித்த சுவரை அகற்றினார். சும்மா விடுவார்களா? பிள்ளைமாரும் முதலியார்களும் ஆயர் பார்த்தே மீது வழக்குப் போட்டார்கள். இடித்த சுவரைத் திரும்பக் கட்டித் தர வேண்டும், கோயில் எங்களுடையது, இவை கோரிக்கைகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கோயில் தங்களுக்கே உரியது என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சாதியார் இருந்தால் தீட்டு என்ற வாதத்தைக் கிறிஸ்தவக் கோயிலுக்குள் கொண்டுவர முடியாது என்ற கருத்தோடு தள்ளிவிட்டது.

இன்னொரு முறை சொல்கிறேன், இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்கள் இருப்பீர்கள். சுவரைத் திரும்பக் கட்டு என்று கேட்டவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். சலவைக்கல் பட்டியலில் இந்தக் கதைக்கு இடம் கிடையாது. கௌசானல் என்ற பெயரும், வந்த ஆண்டும் போன ஆண்டும் வேண்டுமானால் இருக்கும்.

ஆகவே உங்கள் பங்கிலும் கேட்டுப் பாருங்கள். சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்தத் தெருவுக்குள் நுழையாமல் திரும்புகிறது? கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம்? கொடியேற்றத்தன்று முதல் மரியாதை யாருக்கு? உபதேசியார் குடும்பத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். கேட்டால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சொல்வார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். புனிதருக்கு நேரம் சுருங்கிவிட்டது.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே வடக்கன்குளத்தில்தான், 1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்டப் பிள்ளைக்கு இயேசுசபைக் குரு புட்டாரி ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். உயர்ந்த சாதியில் பிறந்தவர், எல்லாச் சாதியாரையும் சமமாக நடத்தினார். அதுவும் அவருக்குப் பகைவரைச் சேர்த்தது. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர் ஞானஸ்நானம் பெற்று 127 ஆண்டு கழித்து அதே ஊரில் எழுந்ததுதான் அந்த இரண்டு கால் கோயில்.

அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். அந்த அம்மாளைப் பற்றித் தனியாகவே ஒரு உரை பேசலாம். நிலையத்தார் இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.