பனகல் பார்க்குக்குக் கீழே ஓர் ஏரி

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டில் போர் போட்டோம். வீடு தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரம். முதல் சில அடிக்குச் செங்கல் தூளும் கொட்டி நிரப்பிய மண்ணும் வந்தன. அதற்குக் கீழே கன்னங்கரேலென்று களி. போர்க்காரர் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்து, "ஏரி மண்ணு சார் இது" என்றார். வெளியூர்க்காரர், தி.நகரின் சரித்திரம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மண்ணே சொல்லிவிட்டது.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாகக் கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரர்கள் 'லாங் டாங்க்' என்றார்கள். தண்ணீர் நிறைந்து நின்ற காலத்தில் மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் அதில் படகுப் போட்டியே நடத்தியிருக்கிறார்கள். இன்று அதே இடத்தில் நீங்கள் ஆட்டோவில் உட்கார்ந்து சிக்னலுக்குக் காத்திருக்கிறீர்கள்.

ஏரியை ஊராக்கும் யோசனை திடீரென்று வந்ததல்ல. இங்கே ஒரு சின்னக் கதை. 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமேல் குண்டு போட்டது எல்லோருக்கும் தெரியும். கெட்டிக்காரனை 'எம்டன்' என்று சொல்வதே அதிலிருந்து வந்ததுதான். அடுத்த மாதம் அதே எம்டன் இந்துமாக்கடலில் இன்னொரு கப்பலை மூழ்கடித்தது. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் என்ற நகரமைப்பு அறிஞர் சென்னையில் வைக்கவிருந்த கண்காட்சியின் வரைபடங்களும் படங்களும் அதில்தான் வந்துகொண்டிருந்தன. அத்தனையும் கடலுக்குள் போயின. மனிதர் அசரவில்லை. நண்பர்களைக் கொண்டு மறுபடி சேகரித்து, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியைத் திறந்துவிட்டார். ஊர் தானாக வீங்கக் கூடாது, யோசித்து வளர்க்க வேண்டும் என்ற பேச்சு இங்கே அப்போது சூடுபிடித்தது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே வருடம் நடந்த தேர்தலில் பிராமணரல்லாதார் கட்சியான நீதிக்கட்சி ஜெயித்து ஆட்சிக்கு வந்தது. 1923 வாக்கில் மாம்பலத்தில் அந்த நீண்ட ஏரியை வடித்துத் தூர்க்கும் வேலை தொடங்கியது.

முதலமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றவர் நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர். 1925-இல் அவர் காலமானார். புது ஊர் அவர் பெயரைச் சுமந்தது.

பனகல் பூங்காவில் நின்று பாருங்கள். விரல்களை விரித்த மாதிரி சாலைகள் பிரியும். கிழக்கே தேனாம்பேட்டைக்குத் தியாகராயர் சாலை, வடகிழக்கே ஜெமினிப் பக்கம் ஜி.என். செட்டி ரோடு, தென்கிழக்கே நந்தனத்துக்கு வெங்கடநாராயணா ரோடு, வடக்கும் தெற்குமாக உஸ்மான் ரோடு. நடுவில் பூங்கா, சுற்றிலும் தோட்டத்தோடு வீடுகள். இதுதான் போட்ட கணக்கு.

பெயர்ப்பலகைகளைப் படித்தாலே நீதிக்கட்சியின் வரலாறு வந்துவிடும். கட்சியை உருவாக்கிய மூவர் தியாகராயர், டி.எம். நாயர், நடேச முதலியார். ஊரே ஒருவர் பெயரில், இன்னொருவருக்கு டாக்டர் நாயர் ரோடு, மூன்றாமவருக்கு நடேசன் பூங்கா. பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தவர். உஸ்மான் பின்னாளில் தற்காலிக ஆளுநராகவே இருந்தார். பாண்டி பஜாருக்கும் பாண்டிச்சேரிக்கும் சம்பந்தமில்லை. அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்த அங்காடி. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தலைவர்களின் பெயர் தாங்கிய தெருக்களில் கிரவுண்டு கிரவுண்டாக மனை வாங்கிக் குடியேறியவர்களில் பிராமணக் குடும்பங்கள் கணிசம். அரசியல் ஒரு பக்கம், நல்ல மனை ஒரு பக்கம்.

குடியிருக்க வகுத்த ஊர் கடைத்தெருவாக மாறியது எப்படி? பனகல் பார்க் பக்கம் நல்லி பட்டுக்கடை 1928-லேயே வந்துவிட்டது. ஆனால் நான் பழியைப் போடுவது ரயில்மேல்தான். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலத்தில் இறங்கியவர் உஸ்மான் ரோட்டுக்கு வர ரங்கநாதன் தெருதான் வழி. ஒரு தெரு வழியாகத் தினமும் அத்தனை கால்கள் நடந்தால் திண்ணைகள் என்ன ஆகும்? கடையாகத்தான் ஆகும். அந்தக் கூட்டத்துக்கு மேலேயே நடக்க 2023-இல் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை சுமார் 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை கட்டினார்கள். தீபாவளி சமயத்தில் அதன் மேல் நின்று கீழே பாருங்கள், தரை தெரியாது, தலைகள்தான்.

1920-களில் வரைந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. ஏரி என்பது பள்ளம். மழை எங்கே பெய்தாலும் அதைத் தேடித்தான் வரும். வீட்டைச் சுற்றி மாமரமும் தென்னையும் நின்ற காலத்தில் மனை மண்ணே பாதியைக் குடித்துவிட்டது. மிச்சம் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போனது. இப்போது சுவரோடு சுவர் ஒட்டிய அடுக்குமாடிகள், வாசல் வரை சிமென்ட். கால்வாயோ குறுகிப்போனது. ஆறே நிரம்பி ஓடும்போது கால்வாய்த் தண்ணீர் எங்கே போகும்? 2021 நவம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. பால் பாக்கெட்டை மாடியிலிருந்து கூடை இறக்கித்தான் வாங்கினோம்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றும் ஒரு சாலை இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்ட் ரோடும் லேக் ஏரியாவும் இருக்கின்றன. ஒரு தடவை லேக் வியூ ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். "எந்தப் பக்கம் சார் லேக்கு?" என்று ஓட்டுநர் உண்மையாகவே கேட்டார். "அதுக்குள்ளதான் நீங்க ஓட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டார்.

போர் போட்டபோது வந்த களிமண்ணில் கொஞ்சம் ஒரு சிமென்ட் தொட்டியில் இருக்கிறது. என் மனைவி அதில் அல்லி வைத்திருக்கிறார். நன்றாகவே பூக்கிறது.

வணக்கம்.