முதல் துப்பாக்கி வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். சுடுதளத்தில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு, "இதற்குள் எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். "பூட்டுக்கும் காதுறைக்கும் எவ்வளவு ஒதுக்கினீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் ரைஃபிளை வாங்கியபோது கையிலிருந்த பணம் அத்தனையும் அதற்கே போய்விட்டது. பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டு சுட்டேன். இன்றைக்கும் இரவில் படுத்தால் இடது காதில் ஒரு ரீங்காரம் ஓயாமல் கேட்கிறது. வலது தோளில் ரைஃபிளை அணைத்து, கன்னத்தை அதன் பின்கட்டையில் பதித்தால் இடது காதுதான் குழல் வாயின் பக்கம் திரும்பி நிற்கும். வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும். பெரும்பாலான துப்பாக்கிகளின் சத்தம் 140 டெசிபலுக்கு மேல். அந்த அளவில் ஒரே ஒரு வெடிகூடக் காதைக் கெடுக்கலாம், கெட்டது திரும்பாது. ஒரு நல்ல காதுறை 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். விலை துப்பாக்கி விலையில் ஒரு சிறு பங்குதான். அதோடு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. இந்த இரண்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் உங்கள் ஊர்ச் சட்டம் கேட்கிற உரிமக் கட்டணம். அடுத்தது பூட்டு, காதுறை, கண்ணாடி. அப்புறம் ஒரு பயிற்சி வகுப்பு. பிறகு சில நூறு தோட்டாக்கள். மிஞ்சுவதுதான் துப்பாக்கிக்கு. போதவில்லையா? சில மாதம் பொறுங்கள். பல சுடுதளங்களில் வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும். அதில் பழகினால் உங்கள் கைக்கும் தோளுக்கும் எது பொருந்தும் என்பதும் தெரிந்துவிடும்.

எந்த வகை என்று கேட்டால், வேட்டை போல வேறு அவசியம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் என்ற சின்னத் தோட்டா போடும் ஒரு சாதாரண போல்ட் ரைஃபிள். போல்ட் என்பது தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் உருளை; ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அதைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். 1887-லிருந்து புழக்கத்தில் உள்ள தோட்டா இது. விலை குறைவு, தோளில் உதையும் குறைவு. துப்பாக்கி மலிவாகக் கிடைத்து, தோட்டா விலை அதிகமாக இருந்தால் அது அலமாரியிலேயே கிடக்கும், உங்கள் கை தேறாது. சின்னத் தோட்டாதானே என்று மட்டும் எண்ண வேண்டாம். இது ஒன்றரை மைல் வரை போகும் என்று பெட்டியிலேயே எச்சரித்திருப்பார்கள். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விசையில் விரல் வைக்கக் கூடாது.

பழைய துப்பாக்கி வாங்குவதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். திருகுபோல் ஓடும் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது. நடுவில் வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் குழல் உப்பியிருக்கலாம், வாங்கவே வேண்டாம். கட்டையில், கைப்பிடி ஒடுங்கும் இடத்தில், கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, காகிதம் இல்லை என்று சொன்னாலோ, விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். இரும்புப் பெட்டிக்குப் பணம் இல்லாவிட்டால், போல்ட் திறந்த நிலையில் உள்ளே நுழைத்துப் பூட்டும் கம்பிவடப் பூட்டு ஒன்று மலிவாகக் கிடைக்கும். தோட்டாக்களை வேறு இடத்தில், வேறு பூட்டில் வையுங்கள். குழந்தைக்குச் சாவி இருக்கும் இடம் தெரியாது என்று நம்பாதீர்கள், தெரியும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாராவது மனமொடிந்து கிடக்கும் சமயம் என்றால், அது நீங்களாகவே இருந்தாலும், வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே இருந்தால், சட்டம் அனுமதிக்கும் வழியில் வீட்டுக்கு வெளியே ஒப்படைத்து வையுங்கள். ஒரு கணத்து விரக்தியின்போது துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றும்.

தோட்டாச் செலவைக் குறைக்க ஒரு வழி, வெற்றுப் பயிற்சி, அதாவது தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவது. தோட்டாக்களை அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள். ரைஃபிள் காலியா என்று இரண்டு முறை பாருங்கள். பாயிண்ட் 22-வில் வெற்றாக விசையை இழுத்தால் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதிக் கெடக்கூடும். அதனால் இதற்கென்றே விற்கும், வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். குண்டு துளைக்காத சுவரை நோக்கிப் பிடித்து, குழல் நுனியில் ஒரு நாணயத்தை வைக்கச் சொல்லுங்கள். வைப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அவர் விலகும் வரை உங்கள் விரல் விசைக்கு வெளியே. பிறகு மெதுவாக விசையை இழுங்கள். முதல் நாள் நாணயம் கீழே விழுந்துகொண்டே இருக்கும். பத்துக்குப் பத்து தடவை விழாமல் நின்ற பிறகு தோட்டாப் பெட்டியோடு சுடுதளத்துக்கு வாருங்கள். வணக்கம்.